அரிசி மூட்டை சொன்ன பாடம்

போன மார்கழியில் எங்கள் ரெக்ஸ்டேல் அடுக்குமாடியில் லிப்ட் பழுது. 40 பவுண்டு, அதாவது 18 கிலோ, அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். மூன்றாம் மாடியில் மூட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்க நின்றேன். பின்னால் வந்த அப்பா, "தா தம்பி, நான் தூக்கிறன்" என்றார். அவருக்கு 68 வயது. எனக்கு 36.

அதே மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கோட்டில் நின்றது. "நடந்தா மட்டும் காணாது, தசைக்கும் வேலை குடுங்கோ" என்றார் டொக்டர்.

காரணம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பங்கை உள்வாங்குவது தசைதான். தெற்காசியர்களான எங்களுக்கோ வெள்ளையர்களைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த உடல் எடையிலும் நீரிழிவு வந்துவிடுகிறது. 2020இல் வெளியான கனடிய வழிகாட்டலும் கிழமைக்கு 150 நிமிட உடலுழைப்போடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது.

நான் ஐடி ஆள். ஜிம்முக்குப் போகாமல் ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்தேன். ஐந்துக்கு ஐந்து நல்லதா? மூன்று நாளா, ஆறு நாளா? ஒப்பிட்டு ஒப்பிட்டே மூன்று மாதம் போய்விட்டது. ஒரு தோப்புக்கரணம்கூடப் போடவில்லை.

தமிழ்நாட்டில் இளவட்டக்கல் தூக்கியவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்திருக்காது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் போட்டிக்கு வெவ்வேறு எடையில் கற்கள் வைத்திருக்கிறார்கள். சின்னக் கல்லைத் தூக்கிப் பழகினால்தான் அடுத்த கல். புதிதாகத் தொடங்குபவருக்குத் தேவையான விதியும் இதுதான்.

கடைசியில் நான் பிடித்துக்கொண்டது ஐந்து அசைவுகளை. கதிரையில் இருந்து எழும்பும் ஸ்குவாட். குசினி மேடையில் கை ஊன்றிச் செய்யும் தண்டால். குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கும் ரோ. முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்து நிலத்தில் இருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட். இரண்டு கையிலும் எடையோடு ஒரு நடை. கிழமைக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. நடை மட்டும் ஒரு நிமிடம். "இன்னும் இரண்டு செய்யலாம்" என்ற நிலையில் நிறுத்த வேண்டும். இரண்டு சுற்றிலும் பன்னிரண்டு வந்துவிட்டால், அடுத்த முறை எடையில் 5 பவுண்டு கூட்ட வேண்டும். தண்டாலுக்கு மேடையை விட்டு இன்னும் பதிவான இடத்தில் கை ஊன்றினால் சரி. மொத்தம் முக்கால் மணித்தியாலம்கூட ஆகாது.

செய்ததைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பன்னிரண்டு கிழமைக்குத் திட்டத்தை மாற்றாதீர்கள். முதல் சில கிழமைகளில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது; அப்போது கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது. அந்த நேரத்தில்தான் பலர், "இது சரிவராது" என்று வேறு வீடியோவைத் தேடிப் போகிறார்கள்.

"வேர்ஹவுஸில பெட்டி தூக்கிறன், அது காணாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேலைத்தலத்தில் எடையும் வேகமும் எங்கள் கையில் இல்லை. களைத்தாலும் தூக்கத்தான் வேண்டும். பயிற்சியில் படிப்படியாகக் கூட்டலாம், வலித்தால் நிறுத்தலாம். அம்மாமாருக்கும் இதே ஐந்துதான். எடை மட்டும் குறைவு. இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் டொக்டரோடு கதையுங்கள். தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம்.

ஜிம்முக்குக் காசில்லை என்றும் தள்ளிப்போட வேண்டாம். ரொறன்ரோ மாநகரசபையின் சமூக நிலையங்கள் பலவற்றில் எடைப் பயிற்சி அறை இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தில் உதவ மாநகரசபையின் வெல்கம் பொலிசி இருக்கிறது.

இப்போது ஞாயிறும் புதனும் அப்பாவும் நானும் சேர்ந்து செய்கிறோம். தண்டாலில் அவர்தான் முன்னுக்கு. நீங்களும் இந்தக் கிழமையில் இரண்டு நாளைக் குறித்து வையுங்கள். ஸ்பிரெட்ஷீட் பிறகு பார்க்கலாம்.