அடைத்த பெட்டியை அறுத்தால் மூடி

குங்குமச் சிமிழோ விபூதிச் சம்புடமோ கைக்கு வந்தால், நம் கண் முதலில் போவது மேலே உள்ள பூ வேலைப்பாட்டின் மீதுதான். ஆனால் செய்தவரின் கைத்திறன் அதைவிட நன்றாகத் தெரிவது, மூடியைக் கழற்றி மறுபடி போடும்போது. மூடி இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது.

பெட்டியைத் தனியாகவும் மூடியைத் தனியாகவும் செய்தால் இந்தப் பொருத்தம் கிடைப்பது கடினம். தகட்டை வளைத்து எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தட்டினாலும் இரண்டு வட்டங்கள் அச்சாக ஒன்றுபோல அமைவதில்லை. அதனால் வெள்ளி வேலை செய்பவர்கள் ஓர் அருமையான வழியைக் கையாள்கிறார்கள். முதலில் திறப்பே இல்லாமல் எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டியைச் செய்துவிடுவார்கள். பிறகு அதைக் குறுக்கே அறுப்பார்கள். மேல் துண்டு மூடி, கீழ்த் துண்டு பெட்டி. ரம்ப இழை தின்பது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். வட்டம் கொஞ்சம் கோணலாகவே இருக்கட்டும், அதே கோணல் மூடியிலும் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அறுத்த வாக்கிலேயே மூட வேண்டும், திருப்பிப் போட்டால் கோணல் காட்டிக்கொடுத்துவிடும். அறுப்பதற்கு முன்பே வெட்டுக்கோட்டுக்கு மேலும் கீழுமாக ஓர் அடையாளம் கீறிக்கொள்வது இதற்காகத்தான்.

அடைத்த பெட்டியைப் பற்றவைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. 30 டிகிரி செல்சியஸில் உள்ளே சிக்கிய காற்று 750 டிகிரிக்குச் சூடானால் அதன் அழுத்தம் மூன்று மடங்குக்கும் மேலாகும். உருகி நிற்கும் பற்றுப்பொடியை அது பீய்ச்சித் தள்ளும், சூட்டில் இளகிய சுவரை உப்ப வைக்கும். உள்ளே ஈரம் இருந்தால் நீராவியாகி வெடிக்கவும் செய்யும். எனவே காற்று வெளியேற ஊசிமுனை அளவு ஒரு துளை வேண்டும். அந்தத் துளையை எங்கே போடுவது? பிறகு ரம்பம் ஓடப்போகும் கோட்டின் மேலேயே! பெட்டியை அறுக்கும்போது துளையும் தடம் தெரியாமல் போய்விடும். இந்த யோசனையைக் கண்டவரை வணங்கத் தோன்றுகிறது.

ஒரே பெட்டியில் பல இணைப்புகள் உண்டு: பக்கச் சுவர், அடித்தகடு, மேல்தகடு. கடைசி இணைப்புக்குச் சூடேற்றும்போது முதல் இணைப்பு ஏன் பிரிவதில்லை? சுத்த வெள்ளி 962 டிகிரியிலும் செம்பு 1085 டிகிரியிலும் உருகும். இரண்டையும் 72க்கு 28 என்ற விகிதத்தில் கலந்தால் 780 டிகிரியிலேயே உருகிவிடும், தனித்தனியாக இரண்டுக்கும் தேவைப்படும் சூட்டைவிடக் குறைவு. கொஞ்சம் துத்தநாகம் சேர்த்தால் இன்னும் கீழே இறங்கும். இப்படி உருகுநிலையில் வேறுபட்ட பற்றுப்பொடிகளைத் தயாராக வைத்துக்கொண்டு, அதிகச் சூடு கேட்பதை முதல் இணைப்புக்கும், குறைந்த சூட்டில் ஓடுவதைக் கடைசிக்கும் பயன்படுத்துகிறார்கள். கூடவே பூசும் வெங்காரம் செம்பின் ஆக்சைடைக் கரைத்து, பொடி ஓட வழிவிடுகிறது.

அறுத்த பிறகுதான் மூடியைப் பிடித்து நிறுத்தும் பாகம் வருகிறது. மெல்லிய பட்டையை வளையமாக்கிப் பெட்டியின் உட்புறம் செருகி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி விடுவார்கள். மூடி இதன் மேல்தான் உட்காரும். இந்த உள்வளையத்துக்கு ஸ்பிரிங் போன்ற விறைப்பு வேண்டும். தட்டத் தட்ட உலோகம் விறைக்கும். அணு அடுக்குகளில் உள்ள பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கி, அடுக்குகள் நழுவ விடாமல் தடுப்பதே காரணம். மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சினால் அந்தச் சிக்கல் அவிழ்ந்து உலோகம் மறுபடி குழைந்துவிடும். ஆகவே நன்றாகத் தட்டி விறைப்பாக்கிய வளையத்தைப் பற்றவைத்தால் அதுவரை பட்ட பாடு வீண். சிலர் பற்றவைக்காமல் இறுக்கத்திலேயே நிறுத்துகிறார்கள். சிலர் பற்றவைத்துவிட்டு, வழவழப்பான எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்த்து விறைப்பை மீட்கிறார்கள்.

இடைவெளியை ஆளும் கலையில் நான் வியந்து பார்ப்பது ஜப்பானின் கியோட்டோ நகரத்துக் கைக்காடோ பட்டறையை. 1875இல் தொடங்கிய அந்தப் பட்டறை செய்வது தேயிலை டப்பா. இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளீயம் பூசிய தகட்டில் ஆரம்பித்தார்கள். இன்று செம்பிலும் பித்தளையிலும் செய்கிறார்கள். ஒரு டப்பா முடிய 130க்கும் மேற்பட்ட வேலைப்படிகள். மூடியை வாயில் பொருத்திக் கையை எடுத்துவிட்டால், யாரும் அழுத்தாமலே அது நிதானமாக இறங்கி மூடிக்கொள்ளும்.

மூடியின் எடை உள்ளே இருக்கும் காற்றை அழுத்துகிறது. காற்று வெளியேற ஒரே வழி, மூடிக்கும் உள்சுவருக்கும் நடுவில் உள்ள மெல்லிய சந்து. அத்தனை குறுகிய இடத்தில் காற்றின் பிசுப்பே பெரிய தடை. சந்தின் அகலத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் வெளியேறும் காற்று எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதாவது மூடி இறங்க எட்டு மடங்கு நேரம் பிடிக்கும். சந்து கொஞ்சம் அகன்றால் மூடி தொப்பென்று விழும்; எங்காவது உரசினால் பாதியில் நின்றுவிடும். கைவேலையில் ஒவ்வொரு டப்பாவுக்கும் இந்தத் துல்லியத்தைக் கொண்டுவருகிறார்கள்.

2019இல் பானசோனிக் நிறுவனம் இவர்களோடு சேர்ந்து, இதே டப்பா வடிவில் ஓர் ஒலிபெருக்கியை வெளியிட்டது. திறந்தால் இசை ஒலிக்கும். மூடி இறங்க இறங்க ஒலியும் அடங்கும். அந்த மூடியும் காற்றைத் தள்ளிக்கொண்டுதான் இறங்குகிறது.