கட்டும் இடமே காக்கும் இடம்



'மெரினா' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் விரிவது சென்னையின் நீண்ட மணற்பரப்பும் மாலைக் காற்றும்தான். 1884ஆம் ஆண்டில் அன்றைய ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து அப்பெயரைச் சூட்டினார். ஆயினும் கடலோடிகளின் வழக்கில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. பாய்மரப் படகுகளையும் உல்லாசப் படகுகளையும் அலையின் தாக்குதலின்றிக் கட்டி வைக்கும் படகுத்துறையே அவர்களுக்கு 'மெரினா'. அங்கே ஒரு படகுக்கென ஒதுக்கப்படும் இடம் 'பெர்த்'. இரயிலில் நாம் படுத்துறங்கும் பலகைக்கும் இதே பெயர்தான். கடலில் பிறந்து இரயிலுக்கு வந்து சேர்ந்த சொல் அது.

கடலே இல்லாத குந்தாரப்பள்ளியில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் இது. இங்கிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர்; கொச்சி ஏறத்தாழ 475 கிலோமீட்டர். இப்பகுதியில் தொழில் செய்து வளம் கண்ட ஒருவர், பிள்ளைகளுடன் கடலில் செல்லச் சிறியதொரு பாய்மரப் படகு வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையில் குடியிருப்பவர் வானம் கறுத்தால் ஓடிச்சென்று கயிற்றை இறுக்கிக் கட்டுவார். இவரோ செய்தி கேட்டுப் புறப்பட்டுக் கரையை அடைவதற்குள் புயலே கடந்து போயிருக்கும். எனவே படகைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும், அதைக் கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இவருக்குக் கவனம் மிகுதியாகத் தேவை.

முன்னோர் கற்ற பாடம்

இக்கலை நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் மரக்காயர்கள் பாய்மரக் கப்பல்களில் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். கப்பலோட்டியைக் குறிக்கும் 'மாலுமி' என்ற சொல்லும், திசை திருப்பும் 'சுக்கான்' என்ற சொல்லும் அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. பருவக்காற்றை ஆங்கிலத்தில் குறிக்கும் 'மான்சூன்' என்ற சொல்லுக்கும் பருவத்தைச் சுட்டும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லே மூலம்.

காற்றின் பருவம் அறிந்து இடம் மாற்றுவது அக்காலத்துப் பழக்கம் மட்டுமன்று. இன்றும் அதைப் பாம்பனில் காணலாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கேயுள்ள பாக் நீரிணைப் பகுதி கொந்தளிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அதற்கேற்ப மீனவர்கள் தம் படகுகளை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றிக் கட்டுகின்றனர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளும் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில் கரையில் ஓய்வெடுப்பது வழக்கம். எல்லாக் காலத்துக்கும் நல்ல இடம் என்று கடலில் ஒன்று கிடையாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

வாயில் எந்தத் திசையை நோக்குகிறது?

ஒரு படகுத்துறையைப் பார்க்கச் சென்றால் அதன் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள், வாயிலைப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தின் வரலாறு இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களை எழுப்பி, கிழக்கு நோக்கி வாயில் வைத்து அதைக் கட்டினார்கள். வேலை முற்றுப்பெறும் முன்னரே 1881ஆம் ஆண்டின் புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. பின்னர் துறைமுகப் பொறுப்பாட்சியின் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார்கள். அதே ஸ்பிரிங் 1911இல் துறைமுகத்துக்குள்ளேயே நிறுவியதுதான் ராயல் மெட்ராஸ் பாய்மரப் படகுச் சங்கம். நூறாண்டு கடந்த அச்சங்கத்தின் படகுகள் அந்தச் சுவர்களின் காவலில்தான் மிதக்கின்றன.

ஆகவே, அவ்வூரில் எந்த மாதத்தில் எத்திசையிலிருந்து பெருங்காற்று வரும், அத்திசைக்கு வாயில் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரே துறைக்குள்ளும் வாயிலுக்கு நேர் எதிரே உள்ள இடத்துக்கும், உள்மூலையில் உள்ள இடத்துக்கும் பெரும் வேறுபாடு உண்டு. வாயிலருகே உள்ள இடம் போக வர வசதி. உள்மூலையோ படகுக்குப் பாதுகாப்பு. தொலைவில் வாழ்பவர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மணலும் சேறும்

இரண்டாவது, அடித்தரை. நம் கிழக்குக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அம்மணலைத் தடுத்தது. அதனால் தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரத்தின் கரையைக் கடல் அரித்தது. கல்லை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப மணல் தன் வழியை மாற்றிக்கொள்ளும்.

கொச்சியில் கதை வேறு. அங்கே துறைமுகம் காயலுக்குள் அமைந்துள்ளது. காயலின் வாயை அடைத்திருந்த மணல்திட்டைப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ வெட்டித் திறந்தார்; 1928இல் கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணில் உருவானதே வில்லிங்டன் தீவு. அக்காயலில் போல்காட்டித் தீவில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 2010இல் பன்னாட்டுத் தரத்தில் ஒரு மெரினாவை அமைத்தது. கடலலை எட்டாத இடம். ஆனால் மழைக்காலத்தில் ஆறுகள் சேற்றையும் ஆகாயத்தாமரையையும் சுமந்து வருகின்றன. சேறு படிந்தால் ஆழம் குறையும்.

ஆழம் குறைந்தால் துறைமுகம் மட்டுமல்ல, ஊரே தன் நிலையை இழக்கும். முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடலை விட்டு விலகி, இன்று உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டதை நாம் அறிவோம். எனவே "இங்கே எவ்வளவு ஆழம்?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். "கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள்? கடல் வற்றிய நேரத்தில் எவ்வளவு ஆழம்?" என்றும் கேளுங்கள். பாய்மரப் படகின் அடியில், காற்றில் கவிழாதிருக்க, கனமான இரும்போ ஈயமோ கொண்ட அடிக்கட்டை தொங்கும். பத்து மீட்டர் நீளப் படகுக்கு அது நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை இறங்கும். அதற்கும் தரைக்கும் இடையே நீர் இருந்தாக வேண்டும்.

கீழே அடிக்கட்டை போல மேலே பாய்மரம். துறைக்குச் செல்லும் வழியில் பாலமோ மின்கம்பியோ உண்டா என்று பாருங்கள். பாம்பன் வழியே செல்லும் உயர்ந்த பாய்மரப் படகு, இரயில் பாலம் திறக்கும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். 1914இல் அமைந்த பழைய பாலம் இரு கைகளைப் போல விரிந்து வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதியோ செங்குத்தாக மேலெழுந்து வழிவிடுகிறது.

கயிறும் மேடையும்

மூன்றாவது, கட்டும் முறை. சென்னையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்; மும்பையிலோ நான்கு மீட்டரையும் தாண்டும். அசையாத கல்மேடையில் கயிற்றை இறுக்கிக் கட்டினால், நீர் வற்றும்போது படகு தொங்கும். நீர் ஏறும்போது கயிறு தளர்ந்து படகு மேடையில் மோதும். நீருடன் சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை மேடை இருந்தால் இத்தொல்லை இல்லை. பெண்களும் சிறு பிள்ளைகளும் அச்சமின்றி ஏறி இறங்கவும் அதுவே ஏற்றது.

முன்னே இரண்டு, பின்னே இரண்டு, பக்கவாட்டில் முன்பின் நகராதிருக்க இரண்டு என ஆறு கயிறுகளேனும் வேண்டும். நைலான் கயிறு சற்று நீளும் தன்மையுள்ளது. அலையின் இழுப்பை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் வெயிலில் நைந்துபோகும். கயிறு அறுவது பெரும்பாலும் நடுவில் அன்று. மேடையின் விளிம்பில் உராயும் இடத்தில்தான். அவ்விடத்தில் ஒரு ரப்பர்க் குழாயைச் சுற்றிவைத்தால் போதும். சில நூறு ரூபாய்ச் செலவு பல இலட்சத்தைக் காக்கும்.

புயல் நாளில் என்ன செய்வீர்கள்?

நான்காவது கேள்வியே யாவற்றிலும் பெரியது. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்டுப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். 1, 2 ஆகியவை தொலைவில் உள்ள ஆபத்தைக் குறிப்பன. 8, 9, 10 பேராபத்தைக் குறிப்பன. 11 என்றால் வானிலை நிலையத்துடன் தொடர்பே அற்றுப்போயிற்று என்று பொருள். பெருங்கப்பல்களை அந்நேரத்தில் ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவர். சிறு படகுக்கு அது இயலாது. அதைக் கரையேற்ற வேண்டும். அல்லது கயிறுகளை இரட்டிப்பாக்கி, பாய்களைக் கழற்றிவைக்க வேண்டும்.

கரையேற்றும் பளுதூக்கி அத்துறையில் உண்டா? எந்த எண் கூண்டு ஏறியதும் பணியைத் தொடங்குவார்கள்? யாருடைய படகு முதலில்? இவற்றை எழுத்தில் பெறுங்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது சென்னைத் துறைமுகத்தில் பெருங்கப்பல்களின் கட்டுக் கயிறுகளே அறுந்தன. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, கரையோரம் நிறுத்தியிருந்த மீனவர் படகுகள் ஏராளமாக நொறுங்கின. ஒரு குடும்பத்தின் பிழைப்பே கட்டிய இடத்தில் சிதறியதை அன்று கண்டோம். உல்லாசப் படகை இழந்தவருக்குப் பணம்தான் போகும். தொழிற்படகை இழந்தவருக்கு அடுப்பே அணையும்.

யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்?

இறுதியாக, ஆள். வாடகையை நீளத்தின்படி கணக்கிடுவார்கள். குடிநீர், மின்சாரம், காவல் இவற்றுக்குத் தனிக்கட்டணம் உண்டா என்று கேட்பது எளிது. அவ்வளவு எளிதாகக் கேட்டறிய முடியாதது நாணயம். வாரத்துக்கு ஒருமுறை கயிற்றைத் தொட்டுப் பார்த்து, அடியில் தேங்கும் நீரை இறைத்து, உங்களுக்குத் தொலைபேசியில் சொல்பவர் யார்? பக்கத்துப் படகின் உரிமையாளர்களிடம் விசாரியுங்கள். அங்குள்ள கயிறுகளின் நிலையே அத்துறையின் நிர்வாகத்தைச் சொல்லிவிடும். நைந்த கயிறுகள் மாற்றப்படாமல் தொங்கும் இடத்தில், எத்தனை விளக்குகள் எரிந்தாலும் உங்கள் படகைக் கட்டாதீர்கள்.

வெள்ளிதோறும் குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆடு கைமாறுவதைப் பாருங்கள். வாங்கிய ஆட்டை அறியாதவர் கையில் கொடுத்துவிட்டு எவரும் தேநீர் அருந்தப் போவதில்லை. பிறர் பொருளைக் காப்பது அமானிதம் என்பதை உணர்ந்த ஒருவர் கரையில் இருந்தால், 260 கிலோமீட்டர் தொலைவு பெரிதன்று. அப்படி ஒருவர் இல்லையெனில், கடற்கரையிலேயே வீடு கட்டிக் குடியிருந்தாலும் பயனில்லை.

வாசகர்களே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றவர்கள் நாம். படகும் அவ்வாறே. அமைதியான மாலையில் எந்தத் துறையும் அழகாகத்தான் தெரியும். ஆண்டின் மிகக் கொடிய இரவை எண்ணி, நீங்கள் அங்கே இல்லாத நேரத்தை எண்ணி, அதன்பின் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.