பெயர் முந்தியதா, கதை முந்தியதா?

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி தமிழர்க்குப் புதியதன்று. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' 1946இல் வெளிவந்தது. அயர்லாந்து நாட்டாரோ, குன்றும் துறையும் பெயர் பெற்ற கதைகளை 'டின்ஷென்கஸ்' எனத் தனி இலக்கிய வகையாகவே 12ஆம் நூற்றாண்டு ஏடுகளில் தொகுத்து வைத்தனர். அக்கதைகளுட் பல, பெயரின் பொருள் மறந்தபின் அதற்கு விளக்கமாகக் கட்டப்பட்டவை.

மலேசியத் தமிழரிடையே இதற்கு நல்ல சான்று பத்துமலை. மலாய் மொழியில் 'பாத்து' என்பது கல். சுங்கை பாத்து என்னும் ஆற்றின் பெயரே குகைக்கும் ஆயிற்று. தமிழ்ச் செவிக்கு அஃது எண்ணாகக் கேட்டது. கணக்கும் உடன் பிறந்தது. தமிழகத்து அறுபடை வீடுகள் ஆறு. ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை மூன்று. பத்தாவது இதுவே என்பர். விந்தை யாதெனில், கல்லுமலையும் பத்துமலையும் பொருளால் ஒன்றே!

இனிக் கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியில் ஒரு சமவெளியைக் கண்டதாக எழுதினார். அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தாரில்லை. தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது 1931இல். தானா ராத்தா என்றால் சமநிலம். பெர்தாம் ஆற்றின் பெயர், கூரை வேய ஓலை தரும் ஒரு பனையினத்தைக் குறிப்பது. இவற்றில் மயக்கம் இல்லை.

மயக்கம் தருவது 'போ'. இத்தேயிலைத் தோட்டத்தை 1929இல் தொடங்கியவர் ஜே. ஏ. ரஸ்ஸல். சீனத்து வூயி மலைத் தேயிலையை ஐரோப்பிய வணிகர் 'போஹி' என்றனர். அதன் சுருக்கமே இப்பெயர் என்பர். மூன்று ஆங்கில எழுத்துகளை விரித்து, 'மலைநாட்டில் சிறந்தது' எனப் பொருள் கூறுவாரும் உளர். இது பத்துமலைக் கணக்கின் உடன்பிறப்பாகத் தோன்றுகிறது. தமிழ் மாணவர்க்கோ அஃது ஏவல் வினைமுற்று!

அச்சேறிய பெயர்களின் நிலை இது. அச்சேறாதவை எத்தனை! தோட்டத்து ஆவணங்களில் தேயிலை மலைக்கு எண் உண்டு. கொழுந்து பறித்தவர் வாயிலோ பாறையாலும், முனியாண்டி கோயிலாலும், பழைய கங்காணி பெயராலும் அவ்விடங்கள் வழங்கின. இன்று கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் வெளிநாட்டினர். லயத்தை விட்டுப் பட்டணம் சென்ற தமிழ்க் குடும்பங்களோடு பெயர்களும் போகின்றன.

பாட்டன் பாட்டியரிடம் கேட்டெழுத மாணவர்க்கு ஒரு விடுமுறை போதும். பெயர், சொன்னவர் வயது, அவர் கூறும் காரணம் ஆகியவற்றை அவர் சொன்னபடியே குறித்தல் வேண்டும். ஓரிடத்திற்கு இரு கதைகள் கிடைப்பின் இரண்டையும் எழுதுக, திருத்தற்க. அண்மையில் செமாய் மக்கள் வாழ்வராயின் அவர்கள் வழங்கும் பெயரையும் கேட்டறிக. தமிழர் இம்மலைக்கு வருமுன்னரே இவ்வாறுகளுக்குப் பெயரிட்டவர் அவர்.