ஊசிக் காது தெரியலை! ஒரு நாள் கூலிக்குப் பயந்து கண்ணைக் கெடுத்துக் கொள்ளும் தோல் பட்டறை ஊர்கள்

(நமது நிருபர்)

ஆம்பூர்-

காலை 7 மணி. ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. டிபன் பாக்சும் கையுமாகப் பெண்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து விடிவதற்கு முன்பே எழுந்து, சோறு வடித்து வைத்து விட்டு வருகிறவர்கள்.

அந்தக் கூட்டத்தில் என் அத்தையும் ஒருத்தி. 18 வருஷமாக ஷூவின் மேல் பாகம் தைக்கிறாள். "அப்பர்" என்பார்கள். அத்தைக்கு வயது 46.

போன வருஷம் ஒரு ராத்திரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போய்ப் பார்த்தால் முகம் செத்துப் போயிருந்தது.

"டேய், இன்னான்னே தெரியலடா. ஊசியில நூல் கோக்க முடியல. பக்கத்து மிஷின் பொண்ணு தான் கோத்துக் குடுக்குது. சூப்பர்வைசர் பாத்துக்கினே கீறான். இன்னும் எத்தினி நாள் உடுவான்?"

தன் கண் போய் விட்டது என்றே அவள் முடிவு கட்டி விட்டாள். யாரோ சொன்னார்கள் என்று கண்ணில் ஏதோ இலைச் சாறு வேறு பிழிந்து விட்டிருந்தாள். கண் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தது.

கண் எங்கும் போகவில்லை. அவளுக்கு வந்திருந்தது வெள்ளெழுத்து. அவ்வளவு தான்!

40-க்கு மேல் எல்லோருக்கும் உண்டு

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் ரப்பர் போல இளகி இருக்கும். கிட்டப் பார்க்கும்போது குவியும். தூரப் பார்க்கும்போது விரியும். வயது 40-ஐ நெருங்கினால் அது இறுகத் தொடங்குகிறது. தூரத்தில் வரும் பஸ்சின் நம்பர் தெரியும். கையில் இருக்கும் பஸ் டிக்கெட் தெரியாது. இது நோய் அல்ல. முடி நரைப்பது மாதிரி, எல்லோருக்கும் வருவது.

குமாஸ்தாவாக இருந்தால் கண்ணாடி வாங்கி மாட்டிக் கொள்வார். தையல் லைனில் இருப்பவள் என்ன செய்கிறாள்? பயப்படுகிறாள். மறைக்கிறாள். பிறகு ஒரு நாள் "உடம்பு முடியலை" என்று சொல்லி லைனை விட்டு இறங்கி விடுகிறாள். கணக்கில் அது கண் கோளாறு என்று எழுதப்படுவது இல்லை.

கண்ணாடியின் விலை என்ன, அதனால் வரும் பலன் என்ன என்று ஒரு கணக்கே இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் 751 தொழிலாளர்களை வைத்து டாக்டர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோரும் 40 வயதைத் தாண்டியவர்கள். ஒரு பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். மறு பாதிக்குச் சோதனை முடிந்த பிறகு தான் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களை விட நூற்றுக்கு 21.7 பங்கு கூடுதலாக இலை பறித்தார்கள்! 50 வயதைத் தாண்டியவர்களிடம் வித்தியாசம் இன்னும் அதிகம். 2018-ல் வெளியான முடிவு இது.

தேயிலைக்கு இப்படி என்றால் தோல் தையலுக்கு எப்படி இருக்கும்? ஷூ கம்பெனி முதலாளிகள் தான் யோசிக்க வேண்டும்.

"ஒரு நாள் கூலி யார் குடுப்பா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா" என்று அத்தையைக் கூப்பிட்டேன்.

"ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போச்சு. மாசம் பூரா வந்தா குடுக்கிற காசும் போச்சு. போக வர பஸ்சு, சாப்பாடு. கூட நீ வர்ற, உன் பொழப்பும் கெட்டுது. நீ குடுப்பியா?" என்று கேட்டாள்.

வைத்தியம் இலவசம் என்று எழுதிப் போடுவது சுலபம். வைத்தியத்துக்குப் போய் வருவது இலவசம் இல்லையே! கண் விஷயத்தில் ஏழை ஜனங்களைத் தடுப்பது இந்தக் கணக்கு தான்.

ஆம்பூரில் இருந்து வேலூர் சுமார் 50 கிலோ மீட்டர். அங்கே ஆரணி ரோட்டில் இருக்கிறது ஷெல் கண் ஆஸ்பத்திரி. சி.எம்.சி.யின் கண் பிரிவு. கண்ணில் பச்சைத் துணி கட்டிய கிழவர்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த காலத்தில் இருந்தே இந்தச் சீமைக்கு "கண் ஆஸ்பத்திரி" என்றால் அது தான்.

அந்தக் கட்டிடத்துக்கு ஒரு கதை உண்டு. 1902-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 40 படுக்கையுடன் அதைத் திறந்தார். நியூயார்க் பாங்கி அதிபர் ஷெல் என்பவர், இறந்து போன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். அப்போது அது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரி ஊருக்குள் போன பிறகு, இந்த இடம் கண்ணுக்கு என்று ஆனது.

1940-களின் கடைசியில் டாக்டர் விக்டர் ராம்போ அங்கே வந்தார். மத்திய இந்தியாவில் முங்கேலி என்ற ஊரில் பல வருஷம் வேலை பார்த்த அமெரிக்க டாக்டர். "குருடன் ஆஸ்பத்திரியைத் தேடி வர முடியாது, ஆஸ்பத்திரி தான் அவனைத் தேடிப் போக வேண்டும்" என்பது அவர் கட்சி. பெட்டி படுக்கையோடு கிராமத்துக்குக் கிளம்பி விட்டார். பள்ளிக்கூடம், சத்திரம், கொட்டகை என்று கிடைத்த இடத்தில் முகாம்.

அந்தக் காலத்து ஆபரேஷன் சாமானியம் அல்ல. புரையை எடுத்து விட்டு, அசையாமல் நாள் கணக்கில் படுக்க வைப்பார்கள். எழுந்த பிறகு சோடா பாட்டில் அடி மாதிரி ஒரு தடித்த கண்ணாடி. அது உடைந்தால் மறுபடியும் இருட்டு.

58 வயதில் தொடங்கிய மதுரை டாக்டர்

இந்த முகாம் வேலையை மலை அளவுக்குச் செய்து காட்டியவர் மதுரைக்காரர். டாக்டர் ஜி.வெங்கடசாமி. வாத நோயால் கை விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களில் கத்தியைப் பிடித்துப் பழகி, தன் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர். சர்க்கார் வேலையில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். மற்றவர்கள் திண்ணையில் உட்காரும் வயதில், 1976-ல், 11 படுக்கையுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கூடப் பிறந்தவர்களும் அவர்கள் வீட்டு டாக்டர்களும் தோள் கொடுத்தார்கள். 2006-ல் அவர் காலமானார்.

அமெரிக்காவில் ஹாம்பர்கர் கடையைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம்! எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரே ருசி, ஒரே வேகம். கண் ஆபரேஷனை ஏன் அப்படிச் செய்யக் கூடாது? ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் இன்னொருவர் தயார். கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, மருந்து ஊற்றுவது முதல் பவர் பார்ப்பது வரை எல்லாம் அவர்கள் கையில். டாக்டர் நேரம் டாக்டர் மட்டுமே செய்யக் கூடிய வேலைக்கு.

ஷூ கம்பெனி லைனில் நிற்கிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

காசு? வசதி உள்ளவர் கட்டணம் கட்டுகிறார். அதில் மிஞ்சுவது ஏழைக்கு. சிகிச்சை பெறுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசம் அல்லது சலுகை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டில் இருந்து வந்து கொண்டிருந்தது. ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் "ஆரோலேப்" என்று மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை சரிந்தது. சோடா பாட்டில் கண்ணாடி ஒழிந்தது.

100-ல் 7 பேர் தான்!

இவ்வளவும் செய்த பிறகு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது.

கிராமத்தில் முகாம் போட்டால் கண் கோளாறு உள்ளவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். 100-க்கு 7 பேர் தான்! பாக்கி 93 பேர் வீட்டிலேயே இருந்து விட்டார்கள். 1999-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. பயம் ஒரு பக்கம். வேலை ஒரு பக்கம். "எனக்கு இது போதும்" என்ற கிழவர்களின் விரக்தி ஒரு பக்கம்.

இதற்குப் பிறகு தான் "விஷன் சென்டர்" பரவியது. சின்ன ஊரில், கடைத் தெருவில், இரண்டு அறை. அங்கே எப்போதும் பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி இருப்பாள். கண்ணைப் பார்த்துப் படம் எடுப்பாள். தூரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்துப் பேசுவார். கண்ணாடி தான் என்றால் அங்கேயே முடிந்தது. ஆபரேஷன் தேவைப்பட்டவர் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இன்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளும் பெருகி விட்டன. தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சென்னை என்று போய், 2019-ல் நமக்குப் பக்கத்துத் திருப்பதிக்கும் வந்து விட்டது.

சென்னை சங்கர நேத்ராலயா வேறு வழி கண்டது. டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய தர்ம ஸ்தாபனம். ஐ.ஐ.டி.யின் உதவியோடு பஸ்சுக்குள்ளேயே ஆபரேஷன் தியேட்டர் கட்டி விட்டார்கள்! பஸ் ஊருக்கு வரும், சுத்தம் குறையாது.

சுத்தம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஓர் இலவச முகாமில் இருந்து கூட்டிப் போய் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 60-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கிருமி தாக்கிக் கண் போனது. ஓசி வைத்தியம் தானே என்று கேட்கவே ஆள் இல்லாமல் போகக் கூடாது. எங்கே ஆபரேஷன், யார் டாக்டர், மறு பரிசோதனை எப்போது என்று முகாமில் வாய் விட்டுக் கேளுங்கள். நல்ல ஆஸ்பத்திரி பதில் சொல்லும்.

சுண்ணாம்புத் தொட்டி ஜாக்கிரதை

தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்புத் தொட்டி. ஊற வைக்க ஆசிட். இரண்டும் கண்ணில் தெறிக்கும். இதில் சுண்ணாம்பு தான் மோசம். ஆசிட் மேலே சுட்டு விட்டுப் பெரும்பாலும் நின்று விடும். சுண்ணாம்பு உள்ளே தின்று கொண்டே போகும்.

தெறித்தால் ஆட்டோ தேடி ஓடாதீர்கள். முதலில் குழாய். இமையை விரித்துப் பிடித்துக் கொண்டு அரை மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். துகள் இருந்தால் போக வேண்டும். அதன் பிறகு தான் ஆஸ்பத்திரி. வேலூர் போய்ச் சேரும் ஒரு மணி நேரத்தில் கண் வெந்து விடும். கழுவாமல் போனால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் கையைப் பிசைய வேண்டியது தான்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் வருஷம் ஒரு தடவை கண்ணின் உட்புறம் பார்க்க வேண்டும். கண்ணில் பிரஷர் ஏறும் வியாதியும் அப்படியே. இரண்டும் வலிக்காது, சொல்லாது. போன பார்வை திரும்பாது. புரை அப்படி இல்லை. எடுத்தால் திரும்பும். "இன்னும் பழுக்கலை" என்று என் பாட்டி இரண்டு வருஷம் தள்ளினாள். பழுக்க வேண்டும் என்பது சோடா பாட்டில் காலத்துக் கதை. இப்போது, வேலைக்கு இடைஞ்சல் என்றால் எடுத்து விடலாம்.

அத்தையின் கண்ணாடி

அத்தையை எப்படி அனுப்பினேன்? அவள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடந்தது. கம்பெனி லீவு. பஸ் செலவு இல்லை. காலையில் போனாள், கண்ணாடிக்குச் சீட்டோடு வந்தாள். இலைச் சாறு ஊற்றியதற்கு டாக்டரம்மா விட்ட டோஸ் தனி!

கண்ணாடி வந்த அன்று வீட்டில் ஊசியை எடுத்து நூலைக் கோத்துக் கோத்து உருவினாளாம். "சின்னப் பொண்ணு மாதிரி சிரிக்கிறா" என்று மாமா சொன்னார்.

இப்போது லைனில் அவளுடைய மிஷினுக்கு மவுசு. பக்கத்தில் இருக்கும் மூன்று பெண்களும் நூல் கோக்க அவள் கண்ணாடியைத் தான் கடன் வாங்குகிறார்கள். மூவரும் 40-ஐத் தாண்டியவர்கள். அவரவர் கண்ணுக்கு அவரவர் பவர் பார்த்துத் தான் போட வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "தெரியுண்டா" என்றாள்.

அடுத்த முகாம் சனிக்கிழமை வருகிறது. மூவருக்கும் சேர்த்து அரை நாள் பர்மிஷன் கேட்டிருக்கிறாள் அத்தை. சூப்பர்வைசர் இன்னும் பதில் சொல்லவில்லை.