கோர்க் 1920, யாழ்ப்பாணம் 1998: முதல்வர் கதிரையில் இருந்தவர்கள்

அயர்லாந்தின் டெரன்ஸ் மக்ஸ்வினியை எங்களில் பலர் திலீபனோடு சேர்த்தே நினைக்கிறோம். 74 நாள் உண்ணாவிரதம் இருந்து, 1920 ஒக்டோபர் 25 அன்று லண்டன் சிறையில் இறந்தவர். அவர் கோர்க் நகரின் மாநகர முதல்வர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1920 ஜனவரியில் அயர்லாந்து நகரங்களில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப இலக்கம் இடும் விகிதாசார முறையை பிரித்தானிய அரசு கொண்டுவந்திருந்தது. சின் ஃபெயின் கட்சியின் பலத்தை அது குறைக்கும் என்பது கணக்கு. ஆனாலும் பல சபைகள் விடுதலையை ஆதரித்தவர்களிடம் போயின. அவை டப்ளினில் தாங்களே அமைத்த பாராளுமன்றத்தை ஏற்று, பிரித்தானிய நிர்வாகத்துக்குக் கணக்குக் காட்ட மறுத்தன. அதனால் அரச மானியத்தையும் இழந்தன. வரி அறவிடும் சபை யாருக்குக் கட்டுப்படுகிறது என்பது அங்கே போரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

கோர்க்கில் முதல்வரான தோமஸ் மக் கர்ட்டெய்ன் மார்ச் 20 அன்று வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மரண விசாரணை ஜூரிகள் பொலிசையும் பிரித்தானியப் பிரதமரையுமே குற்றவாளிகளாகக் கண்டனர். அந்தக் கதிரைக்கு வந்தவர்தான் மக்ஸ்வினி. டிசம்பரில் பிரித்தானியப் படைகள் வைத்த தீயில் நகர மண்டபமும் அருகிலிருந்த நூலகமும் எரிந்தன. நூலகம் எரிவது எங்களுக்குப் புதிதல்ல. 1981 இல் மாவட்ட சபைத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் எரிந்ததும் மாநகர சபையின் நூலகம்தான்.

1998 ஜனவரி 29 அன்று குடாநாட்டில் நடந்த தேர்தல் வேறு மாதிரி. 1983 மே மாதத்துக்குப் பிறகு நடந்த முதல் உள்ளூராட்சித் தேர்தல் அது. 1995 இடப்பெயர்வு முடிந்து சனம் திரும்பியிருந்தாலும், பட்டியலில் பெயர் இருந்த பலர் வன்னியிலும் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருந்தார்கள். ஊர் இராணுவத்தின் கையில். புலிகள் தேர்தலை எதிர்த்தார்கள். கோர்க்கில் மக்கள் திரண்டு தெரிவுசெய்த சபையோடு இதைச் சமப்படுத்த முடியாது. ஆனால் கதிரையில் இருந்தவர்கள் செத்தது உண்மை.

தமிழர் விடுதலைக் கூட்டணியின் சரோஜினி யோகேஸ்வரன் முதல்வரானார். அவரது கணவர் யோகேஸ்வரன் 1989 இல் அமிர்தலிங்கத்தோடு கொல்லப்பட்டவர். 1998 மே 17 அன்று சரோஜினியும் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பொன்னுத்துரை சிவபாலன் செப்டெம்பர் 11 அன்று கூட்டத்தில் வெடித்த குண்டுக்குப் பலியானார். இரண்டுக்கும் புலிகள் மீதே பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. மக் கர்ட்டெய்னைக் கொன்றது ஆள்பவர்களின் பக்கம். இங்கே சுட்டவர்கள் தமிழர் என்றே பலரும் நம்பினார்கள். ஒப்பிடும்போது இந்த இடத்தை நாங்கள் தாண்டிப் போவது சரியல்ல என்பது என் எண்ணம்.

அதற்காக மற்றப் பக்கத்தை விட்டுவிடவும் முடியாது. 2001 இல் அதே கதிரையில் இருந்த நடராஜா ரவிராஜ், பாராளுமன்ற உறுப்பினரான பின் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கடற்படையினர் உட்பட விசாரிக்கப்பட்டவர்களை 2016 டிசம்பரில் ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.