நீங்க லெஃப்ட்டா, ரைட்டா? நாற்காலியில் தொடங்கிய கதை

ஒரு பதிவு போட்டால் போதும், 'நீங்க லெஃப்ட்டா, ரைட்டா?' என்று கேட்டுவிடுகிறார்கள். இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

1789, பிரான்ஸ். சட்டங்களைத் தடுக்கும் 'வீட்டோ' அதிகாரம் மன்னருக்கு வேண்டுமா என்று தேசிய சபையில் விவாதம். வேண்டும் என்றவர்கள் சபைத் தலைவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்கள், எதிர்த்தவர்கள் இடப்பக்கம்.

அன்று அது ஒரு கேள்விக்கான பதில். இன்றோ ஆள்மீதே ஒட்டும் முத்திரை. சிக்கல் இங்கேதான்.

ஜெர்மனியின் பிஸ்மார்க் பழமைவாதி. 1878-ல் சோஷலிஸ்ட்களை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்தவர். 1883-ல் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்ததும் அவர்தான். அவர்கள் சோஷலிஸ்ட்கள் பக்கம் சாயாமல் இருக்க! இதை எந்தப் பெட்டியில் போடுவது?

அடுத்த முறை யாராவது 'அவன் லெஃப்ட்டு, இவன் ரைட்டு' என்றால், 'சரி, எந்த விஷயத்துல?' என்று கேட்டுப் பாருங்க. உண்மையான விவாதம் அங்கேதான் தொடங்கும்.