அப்பாவின் தட்டைத் தனியே வைக்கணுமா?

டீ ஆறுவதற்குள் குடி, தம்பி. அப்பாவுக்கு டிபி என்று தெரிந்ததிலிருந்து நீ கேட்பது ஒரே கேள்விதான்: தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கணுமா? வேண்டாம். இந்தக் கிருமி தட்டில் ஒட்டி வருவதில்லை. இருமும்போது காற்றில் வருவது. ஜன்னலைத் திறந்து வை. இருமினால் வாயைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல். மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நோயாளி வீட்டோடு இருக்கலாம் என்பது நம் சென்னையிலேயே சோதித்துப் பார்த்தது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனைதான். தாம்பரத்துப் பக்கம் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வோடு. மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றுதான், ஓராண்டு. முடிவில் அங்கே 92 சதவீதம் பேர் தேறினார்கள், வீட்டில் 86. அதைவிட முக்கியம், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து உள்ளே போனதும் பரவும் வேகம் அடங்கிவிடுகிறது. தொற்றுவதெல்லாம் பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றியிருக்கும். அதனால்தான் அம்மாவையும் உன்னையும் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வுக்குப் பிறகு, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. மருந்து கிருமியைக் கொல்லும். மெலிந்த உடம்பு அதுவரை தாங்க வேண்டுமே.

ஜார்க்கண்டில் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் 2019 முதல் 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொருளும் கொடுத்தார்கள். ஐந்தில் நால்வர் எடை குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. நாற்பது கிலோ ஆளுக்கு அது வெறும் இரண்டு கிலோ! சில குடும்பங்களில் நோயில்லாதவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை.

நம் மாநிலத்திலும் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. எடை மிகக் குறைவா, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று முதலிலேயே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள்.

அப்பா எடை எவ்வளவு? தெரியாதா? நாளைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்து, மாத்திரை அட்டையிலேயே எழுதி வை. மாதம் 1,000 ரூபாய் அரசு ஊட்டச்சத்துக்குத் தருகிறது. வங்கிக் கணக்கைப் பதியச் சொல்லிக் கேள். ராத்திரிக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக இருக்கட்டும்.